வாடை எட்டும் தூரம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஒரு சடங்கு உண்டு. முதுநகரைத் தாண்டி, பச்சையாங்குப்பம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஜன்னலோரக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கண்ணாடியை இழுத்து மூடுவார்கள். யாரும் யாரிடமும் சொல்வதில்லை. பேசிக்கொண்டிருப்பவர் பேச்சை நிறுத்துவதில்லை. பெண்கள் முந்தானை நுனியை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். தூங்குகிறவர் தூக்கத்திலேயே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். கோயில் வாசலைத் தாண்டும்போது கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுமே, அந்த மாதிரி. சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை வந்துவிட்டது.

ஒருமுறை பக்கத்தில் ஒரு வெளியூர்க்காரர். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்னங்க இது, யாராச்சும் முட்டையை ஒடச்சிட்டாங்களா?" என்று கேட்டார். கண்டக்டர் சில்லறை எண்ணுவதை நிறுத்தாமல் பதில் சொன்னார்: "முட்டை இந்த ஸ்டாப்பிங்குங்க. அடுத்தது அழுவுன பழம். அதுக்கடுத்தது நகப்பாலிஷ். நான் ஊர் பேரைச் சொல்லாட்டியும் ஜனங்க கரெக்டா எறங்கிக்கும்."

எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பாரம்பரிய வட்டாரம் வேண்டும் என்று சிலருக்கு நெடுநாள் ஆசை. வெளிநாட்டில் அப்படி உண்டு. ஒரு தெருவை, ஒரு பேட்டையை முழுதாகக் காப்பாற்றி, பலகை மாட்டி, ஆணி அடிப்பதென்றாலும் அனுமதி வாங்கு என்று சட்டம் போட்டு வைப்பார்கள். அமெரிக்காவின் தெற்கே சார்ல்ஸ்டன் நகரம் 1931-லேயே இதைச் செய்துவிட்டது. அந்த நாட்டில் ஒரு கட்டிடத்துக்கு ஐம்பது வயதாகிவிட்டால் தேசியப் பதிவேட்டில் ஏறத் தகுதி கேட்கலாம். எங்கள் ஊரில் ஐம்பது வயதான கட்டிடத்துக்கு உள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான். இடிபடலாம்.

ஆசைப்படுகிறவர்கள் தேவனாம்பட்டினம் கோட்டை, மஞ்சக்குப்பத்து வெள்ளைக்காரன் பங்களாக்கள், முதுநகர்த் தெருக்கள் என்று பட்டியல் போடுகிறார்கள். வெகுளிகள். நாற்பது வருஷமாக, ஆட்சி மாறியும் மாறாமல், 2004 சுனாமிக்கும் 2011 தானே புயலுக்கும் அசையாமல், இந்த மாவட்டத்தில் கண்ணை இமை காப்பது போலக் காக்கப்பட்ட வட்டாரம் எது? கோட்டை மதிலைக் காக்காதவர்கள், கோயில் குளத்தைக் காக்காதவர்கள், எதைக் காத்தார்கள்? சிப்காட் தொழிற்பேட்டையைத்தான். ஆகவே அதையே பாரம்பரிய வட்டாரமாக அறிவித்துவிட வேண்டும் என்று இதன் மூலம் முன்மொழிகிறேன். காரணங்கள் கீழே. கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது. சென்னைக் கவர்னர் அப்போது எலிஹு யேல். பத்திரத்தில் எல்லை எப்படி எழுதப்பட்டது தெரியுமா? சங்கிலி இல்லை, கோல் இல்லை, சர்வேக் கல் இல்லை. கோட்டையில் நின்று பீரங்கியால் சுட வேண்டியது. குண்டு எட்டும் தூரம் வரைக்கும் உள்ளதெல்லாம் கம்பெனிக்கு. கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? இருப்பதிலேயே தொலைவாகச் சுடுகிற பீரங்கியாகப் பார்த்துத்தான் வைத்தான். சுற்றிலும் திருப்பித் திருப்பிச் சுட்டதில் ஊர் ஊராக உள்ளே வந்துவிட்டன, கடலூரும் வந்துவிட்டது. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். காலையில் வயலுக்குப் போனவன் சாயங்காலம் வீடு திரும்பும்போது வேறொருவன் குடி. நடுவில் நடந்தது ஒரு சத்தம் மட்டும்.

வெள்ளைக்காரனை நான் வையப் போவதில்லை. அவனிடம் ஒரு நேர்மை இருந்தது. குண்டு விழுந்த இடத்தோடு எல்லை நின்றது. விழுந்த இடத்தைப் போய்ப் பார்த்தான். பணமும் கொடுத்தான். இப்போதைய கம்பெனிகளுக்குப் பீரங்கி தேவையில்லை. வாடை எட்டும் தூரம் வரைக்கும் அவர்கள் ராஜ்ஜியம். காசு கிடையாது, பத்திரம் கிடையாது, எல்லை காற்றைப் பொறுத்தது. வாடைக்காற்று அடித்தால் ஒரு பக்கத்து ஊர்கள், தென்றல் அடித்தால் இன்னொரு பக்கத்து ஊர்கள். குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம், காரைக்காடு: இவைதான் இன்றைய குண்டு கிராமங்கள்.

யேல் கதை தனிக் கதை. சென்னையில் சேர்த்த சொத்தோடு ஊர் திரும்பியவர், அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குக் கொஞ்சம் புத்தகமும் விற்றுக் காசாக்கச் சில மூட்டைச் சரக்கும் அனுப்பினார். 1718-இல் அவர் பெயரையே கல்லூரிக்கு வைத்துவிட்டார்கள். யேல் பல்கலைக்கழகம் அதுதான். அங்கே கல்லெல்லாம் துடைத்து வைத்திருக்கிறார்கள். அவர் வாங்கிய கோட்டைக்கு இங்கே நேர்ந்ததைக் கேளுங்கள்.

தேவனாம்பட்டினத்தின் அந்தப் புனித டேவிட் கோட்டை சாதாரணக் கோட்டை இல்லை. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, சில வருஷம் தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடமே இதுதான். சென்னையிலிருந்து தப்பி ஓடிவந்த குமாஸ்தாப் பையன் ராபர்ட் கிளைவ் இங்கேதான் ஒளிந்தான். பத்து வருஷம் கழித்து அதே கோட்டைக்கு அதிகாரியாக வந்தான். இங்கிருந்து வங்காளத்துக்குக் கிளம்பி, 1757-இல் பிளாசி. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினான். பதிலுக்கு 1761-இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை இடித்தார்கள். ஆக, இரண்டு ஊருக்கும் ஒரே மாதிரி அடி. புதுச்சேரி எழுந்து மஞ்சள் வண்ணம் பூசிக்கொண்டு, தெருப் பெயரைப் பிரெஞ்சில் எழுதிப் போட்டுக்கொண்டு, அறை வாடகை வாங்குகிறது. நாங்கள் லாலி விட்ட இடத்திலிருந்து இடிப்பைத் தொடர்கிறோம்.

சில வருஷத்துக்கு முன் ஒரு கல்லூரிப் பிள்ளைகள் கோட்டை பார்க்க வந்திருந்தார்கள். ஆளுக்கொரு தயிர்சாதப் பொட்டலம். கெடிலம் கரைப் பக்கம் புதரெல்லாம் சுற்றி வந்து களைத்து, ஒரு செங்கல் திட்டின் மேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். இளநீர் விற்பவரிடம் ஒரு பெண், "அண்ணா, கோட்டைக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டாள். அவர் அரிவாளால் அவள் உட்கார்ந்திருந்த திட்டைக் காட்டினார். "அதாம்மா அது. மிச்சம் வேணும்னா அந்த ஆட்டுப்பட்டிகிட்ட கொஞ்சம் கிடக்குது."

இடிப்பது எங்களுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருப்பாதிரிப்புலியூருக்குப் பழைய பெயர் பாடலிபுத்திரம். சமணர்களின் பெரிய பள்ளி இருந்த ஊர். உலகத்தின் அளவையும் அமைப்பையும் பேசும் 'லோகவிபாகம்' என்ற சமண நூல் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், எழுதப்பட்டதாக இந்த ஊரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. சைவத்துக்கு மாறிய பல்லவன் அந்தப் பள்ளியை இடித்து, கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் என்கிறது பெரியபுராணம். ஆனாலும் பல்லவன் பல்லவன்தான். இடித்த கல்லை வைத்து இன்னொன்றைக் கட்டினான். நாங்கள் இடித்த கப்பியைக் கொண்டுபோய் ஏரியில் கொட்டுகிறோம். ஒரே வேலையில் இரண்டு பாரம்பரியம் காலி.

அதே பல்லவன், மதம் மாறுவதற்கு முன், அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட, கல் தெப்பமாக மிதந்து அவரைக் கரையேற்றியதும் இந்த ஊரில்தான். கரையேறவிட்ட குப்பம் என்று இடத்தையே காட்டுவார்கள். இன்று அப்பர் உப்பனாற்று வழியாக வந்தால் கல் மிதக்குமோ என்னவோ, மீன் மிதப்பதைப் பார்க்கலாம். வயிறு வெளுத்து, பக்கவாட்டில்.

முதுநகரில் என் பெரியப்பா வீடு இருந்தது. இரண்டு திண்ணை, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி எட்டுத் தூண். துறைமுகம் துறைமுகமாக இருந்த காலத்தில் கப்பலில் வந்த பர்மா தேக்கு. சுவரெல்லாம் சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைத்த சாந்து. கை வைத்தால் சித்திரை மாதத்திலும் மண்பானை மாதிரி ஜில்லென்று இருக்கும். சுண்ணாம்புக்காரத் தெரு என்று முதுநகரில் ஒரு தெருவே உண்டு. அந்தத் தொழில் செய்தவர்கள் எத்தனை பேர் இருந்திருந்தால் தெருவுக்கு அந்தப் பெயர் வந்திருக்கும்! இப்போது அங்கே போய் சுண்ணாம்பு கேட்டால் வெற்றிலைக்கா என்பார்கள்.

பெரியப்பா போனபின் பிள்ளைகள் நாலு பாகம் பிரித்தார்கள். முற்றத்தை நாலாக வெட்ட முடியாது, ஆகவே வீட்டை விற்றார்கள். பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்தார். பெரியம்மாவை "ஆயா, கொஞ்சம் நவுருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் சாய்ந்திருந்த தூணை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மருத்துவர் நோயாளியின் முதுகைத் தட்டுவது போல. காதை வைத்துக் கேட்டார். "கரையான் ஏறலை" என்றார். மூன்று நாளில் எட்டுத் தூணும் லாரியில் ஏறின. சாந்துச் சுவர் மட்டும் மண்வெட்டிக்குப் படியவில்லை. கடைசியில் ஜேசிபி வந்தது. அந்த ஜேசிபிக்காரர் இறங்கி வந்து, "என்னா சார் இது, சிமெண்ட்டே இவ்ளோ கெட்டியா இருக்காதே" என்று சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி இடித்தார்.

மூன்று வருஷம் கழித்துப் புதுச்சேரியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அந்தத் தூண்களில் ஒன்றைச் சந்தித்தேன். சந்தேகமே இல்லை. இடுப்பு உயரத்தில் என் பெயரின் முதல் எழுத்தும் ஒரு கோடும் இருந்தன. ஆறு வயதில் என் உயரத்தை அளந்து பெரியப்பா பேனாக்கத்தியால் கீறியது. குனிந்து அதைத் தடவினேன். வெயிட்டர் ஓடிவந்தார். "சார், தொடாதீங்க சார். ஹெரிடேஜ்." கடலூரில் இருந்தவரை அது விறகு. இருபது சொச்சம் கிலோமீட்டர் வடக்கே போனதும் ஹெரிடேஜ். காப்பி 180 ரூபாய்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். சட்டத்துக்கா பஞ்சம்? பழஞ்சின்னங்களுக்கான மாநிலச் சட்டம் 1966-இல் வந்தது. அமெரிக்கா தன் பாதுகாப்புச் சட்டத்தைப் போட்டதும் அதே 1966-தான். ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒன்று வேலைக்குப் போயிற்று. மரபுக் கட்டிடங்களுக்கென்று ஓர் ஆணையம் அமைக்கத் தமிழ்நாட்டில் 2012-இல் சட்டம் நிறைவேற்றினார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2024-இல். பன்னிரண்டு வருஷம். குறிஞ்சிப்பூ கணக்கு. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஜேசிபிகள் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை.

சரி, முன்மொழிவுக்கு வருவோம். பாரம்பரிய வட்டாரம் என்றால் முதலில் கட்டிடக்கலை வேண்டும். சிப்காட்டில் உண்டு. சிதம்பரத்தில் கோபுரம் என்றால் இங்கே புகைபோக்கி. அங்கே திருக்குளம் என்றால் இங்கே கழிவுத் தொட்டி. அங்கே திருச்சுற்று மதில் என்றால் இங்கே காம்பவுண்டுச் சுவர், மேலே கண்ணாடிச் சில்லு பதித்தது. எங்கள் மாவட்டத்தில் ஒரு செங்கல்கூட விழாமல் பராமரிக்கப்படும் மதில் இதுதான். சிதம்பரம் ஆகாயத் தலம், அது சரி. வாயுத் தலம் காளத்தி என்பது மட்டும் பழைய கணக்கு. கணக்கு எழுதியவர்கள் ஈச்சங்காட்டில் ஓர் இரவு தங்கியதில்லை.

கல்வெட்டுகளும் உண்டு. வாசலுக்கு வாசல் கருங்கல் பலகை: இன்னார் அடிக்கல் நாட்டினார், இன்னார் திறந்துவைத்தார், இன்னார் முன்னிலை வகித்தார். சோழர் கல்வெட்டில் நிலம் கொடுத்த செய்தி முடிவில் 'சந்திராதித்தவரை' என்று வரும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று பொருள். சிப்காட் மனையைக் கொடுப்பது 99 வருஷக் குத்தகைக்கு. குத்தகைக்குத்தான் 99. நிலத்தடியில் இறங்கினதற்குச் சந்திராதித்தவரைதான். பிற்காலக் கல்வெட்டு ஆய்வாளர்களின் சிரமத்தைக் குறைக்க, வட்டாரத்தின் நுழைவாயிலில் பதிக்க ஒரு வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்:

"ஸ்வஸ்தி ஸ்ரீ. கீழ்பாற்கெல்லை உப்பனாற்றுக்கு மேற்கும், மேல்பாற்கெல்லை சிதம்பரத்துப் பெருவழிக்குக் கிழக்கும், தென்பாற்கெல்லையும் வடபாற்கெல்லையும் காற்று அடிக்கும் அளவும், இவ்வெல்லைக்குட்பட்ட நீரும் காற்றும் மீனும் மூச்சும் உண்ணிலம் ஒழிவின்றிக் கம்பெனிகளுக்கு இறையிலியாகக் குடுத்தோம் கோப்பு பார்க்கும் அதிகாரிகளோம். இது காப்பான் ஸ்ரீபாதம் எங்கள் தலை மேலன. இதற்கு எதிராக மனுப் போடுவான் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்றான் புக்க நரகம் புகுவான்."

கல்வெட்டு வெட்டாத செய்திகளும் சில உண்டு. 2021 மே மாதம் ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் விபத்து. 4 பேர் செத்தார்கள். அவர்கள் பெயரில் பலகை இல்லை. 2025 மே மாதம் குடிகாட்டில் ஒரு சாயக்கழிவுத் தொட்டி உடைந்து, கழிவுநீர் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்குள் புகுந்தது. பாத்திரம் பண்டம், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் அதில் மிதந்தன. தொட்டி எந்த நூற்றாண்டுக் கலைப்பாணி என்று தெரியவில்லை, ஆனால் பழைய சாந்து போட்டுக் கட்டியிருந்தால் நின்றிருக்கும்.

அடுத்து, சான்றிதழ்கள். இந்த வட்டாரத்துக்குக் கிடைத்த அளவு அங்கீகாரம் சிதம்பரம் கோயிலுக்குக்கூடக் கிடைத்ததில்லை. 2004-இல் உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு நேரில் வந்து பார்த்தது. 2007-இல் நாக்பூரின் நீரி சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் ஆய்வு செய்து, இங்கே வசிப்பவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்தது 2000 மடங்கு என்றது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் தொழில் வட்டாரங்களுக்கு மதிப்பெண் போட்டபோது கடலூர் வாங்கியது 77.45. எழுபதைத் தாண்டினாலே மிகக் கடுமையாக மாசடைந்த இடம். எங்கள் பிள்ளைகள் பிளஸ் டூவில் இந்த மார்க் எடுத்தால் மிட்டாய் கொடுப்போம். அப்படி மார்க் வாங்கிய இடங்களில் புதிய ஆலைகளுக்கு 2010 ஜனவரியில் தடை போட்டார்கள். கொஞ்ச காலத்தில் நீக்கினார்கள். நடுவில் சுத்தமானது எது என்று கேட்காதீர்கள். கோப்பு சுத்தமானது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சந்தேகம் வரும்: விஷத்தையும் பாரம்பரியத்தையும் ஒரே இடத்தில் வைக்க முடியுமா? முடியும், முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் தெற்கே லூயிசியானாவில், மிசிசிப்பி ஆற்றின் ஓரமாக, பேட்டன் ரூஜ் தொடங்கி நியூ ஆர்லியன்ஸ் வரை 85 மைல். அடிமைகளை வைத்துக் கரும்பு போட்ட பண்ணையார்களின் வெள்ளைத்தூண் மாளிகைகள் அங்கே ஓக் மர நிழலில் வரிசையாக நிற்கின்றன. டிக்கெட் உண்டு, கல்யாணத்துக்கு வாடகைக்கும் விடுவார்கள். மாளிகைகளின் நடுநடுவே ரசாயன ஆலைகள். ஆலைப் புகையைச் சுவாசிப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய அடிமைகளின் பேரப்பிள்ளைகள். அந்தப் பகுதிக்குப் புற்றுநோய்ச் சந்து என்று ஊரார் வைத்த பெயர். பண்ணையாரின் தூணுக்குப் பூச்சு உதிர்ந்தால் பதறுகிற பதிவேட்டில், கூலிக்காரன் நுரையீரலுக்குப் பத்தி கிடையாது. ஆனால் அவர்களுக்கு மாளிகையாவது மிஞ்சியது. எங்களுக்கு மாளிகை பாதி புதுச்சேரியில், பாதி ஏரியில்.

அந்த நாட்டிலிருந்து எங்களுக்கு வந்த ஒரே உருப்படியான சாமான் ஒரு பிளாஸ்டிக் வாளி. கலிபோர்னியாவில் பிறந்து, லூயிசியானாவில் பெயர் வாங்கியது. வாளிக்குள் ஒரு விசேஷப் பை. வால்வைத் திறந்தால் அந்த இடத்துக் காற்றை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பையைச் சோதனைச்சாலைக்கு அனுப்பினால் காற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். 2004-இல் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள், பெண்கள் உட்பட, இந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வாடை வந்த இடத்துக்கு ஓடினார்கள். அகப்பட்டவை 22 ரசாயனங்கள். அவற்றில் 8 புற்றுநோயை உண்டாக்குபவை. அதற்கு முன்னாலேயே மூக்கால் பட்டியல் போட்டிருந்தார்கள்: எந்த நேரம், எந்த இடம், என்ன வாடை. அழுகிய முட்டை, அழுகிய பழம், நகப்பாலிஷ், மலம், பிணம். சங்ககாலத்தில் ஐந்து நிலத்துக்கும் பூ பிரித்தார்கள். இவர்கள் ஊர் ஊராக நாற்றம் பிரித்தார்கள். அரசாங்கம் கருவி வாங்க டெண்டர் விட்டுக்கொண்டிருக்கும் வேலையை ஒரு வாளி செய்துவிட்டது.

இங்கே ஒருவர் கட்டாயம் எழுந்து நிற்பார். "தொழில் வேண்டாமா? வேலை வேண்டாமா?" கருத்துக்கேட்புக் கூட்டங்களில் பந்தலின் முதல் வரிசையில் இவரைப் பார்க்கலாம். கையில் தண்ணீர் பாட்டில், வெளியூரில் அடைத்தது. ஐயா, தொழில் எங்களுக்குப் புதிதா? பரங்கிப்பேட்டையில் 1830-இல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பாலை தொடங்கினார். இந்தியாவின் முதல் நவீன இரும்பாலைகளில் ஒன்று. அதன் இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. நெல்லிக்குப்பத்தில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து சர்க்கரை ஆலை ஓடுகிறது. நெய்வேலி நிலக்கரியில் நாடே விளக்கு எரிக்கிறது. இந்த மாவட்டம் தொழிலுக்கு முகம் சுளித்ததே இல்லை. நாங்கள் கேட்பது மூக்கையும் சேர்த்து வைத்திருக்கலாமா என்றுதான். மேலும், அந்த வேலையில் காம்பவுண்டுக்குள் நிரந்தரமாக யார், ஒப்பந்தக் கூலியாக யார், தொட்டிக்குள் இறங்குவது யார் என்று ஒரு கருத்துக்கேட்பு நடத்துங்களேன். பந்தல் செலவை ஊரே ஏற்றுக்கொள்ளும்.

சிதிலங்களை விரும்புகிறவர்களுக்கு வட்டாரத்துக்குத் தெற்கே ஓர் இணைப்புச் சுற்றுலாவும் ஏற்பாடு செய்யலாம். பெரியகுப்பம் பக்கம் ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. ஊர்களின் நிலத்தை வாங்கிப் பாதி கட்டினார்கள். தானே புயலில் அடி வாங்கி நின்றது. பல வருஷம் அதன் இரும்பை இரவோடு இரவாக லாரியில் ஏற்றினார்கள். புனித டேவிட் கோட்டை சிதிலமாக ஒரு பிரெஞ்சுப் படை தேவைப்பட்டது. இது ஒரு துளி எண்ணெய் காய்ச்சாமல், தானாகவே, பிறக்கும்போதே சிதிலம். அந்த நிலத்தில் முன்பு முந்திரி போட்டிருந்தவர்களைக் கேட்டால் ஒரு மரத்துக்கு எத்தனை கிலோ காய்த்தது என்று இன்றும் சொல்வார்கள்.

ஆட்களின் பாரம்பரியத்தையும் பார்ப்போம். புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், ஜெயகாந்தன் மஞ்சக்குப்பத்தில். பாரதியைப் பிடித்து 1918-இல் அடைத்து வைத்தது கேப்பர் மலைச் சிறையில். விடுதலைப் போராட்ட வீராங்கனை அஞ்சலை அம்மாள் முதுநகர்க்காரர். இவர்களில் யார் வீடு எங்கே என்று ஊரில் நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். சிறை எங்கே என்று கேட்டால் மட்டும் எல்லாரும் சரியாக வழி சொல்வார்கள். ஆங்கிலேயன் விட்டுப்போன கட்டிடங்களில் காலி விழாமல் ஓடுவது அதுதான்.

என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தது சிப்காட்டை ஒட்டின ஓர் ஊரில். போன மழைக்காலத்தில் அங்கே தங்கியிருந்தேன். ராத்திரி பதினொன்று தாண்டியதும் வாடை வந்தது. வாடை என்று எழுதுகிறேன். தொண்டைக்குள் யாரோ ஈரத்துணியைத் திணிப்பது போல. மூன்று வயதுக் குழந்தை தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தது. தங்கச்சியின் மாமியார், பதற்றமே இல்லாமல், வாசல் கதவிடுக்கில் ஈரச் சாக்கை வைத்து அழுத்தினார். அந்தச் சாக்குக்கென்று ஓர் ஆணி இருந்தது சுவரில்.

சம்பந்தப்பட்ட அலுவலகம் ஒன்றுக்குப் போன் செய்தேன். "எந்தக் கம்பெனி சார்?" என்றார்கள்.

"தெரியாதுங்க. வாடை வருது."

"கம்பெனி பேர் இல்லாம எப்படி சார் எழுதிக்கிறது?"

"மூக்குக்குப் பேர் படிக்கத் தெரியாதுங்களே."

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். காற்று கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. ஊர் ரொம்ப நல்ல பிள்ளையாக இருந்தது. மாமியார் திண்ணையில் பாய் போட்டு மோர் கொடுத்தார். பெரியவர் மூக்கை இரண்டு முறை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். தேதி, இடம், மனுதாரர் பெயர் என்று நிதானமாக எழுதிக்கொண்டிருக்கும்போதே வேலியோரத்து முருங்கை அசைந்து காற்று திரும்பியது. சின்னவர் எழுந்து ஜீப்புக்குப் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பெரியவர் இடது கையால் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, வலது கையால் எழுத்தைத் தொடர்ந்தார்.

"என்னா சார் எழுதுறீங்க?" என்றார் மாமியார்.

கைக்குட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. "வாடை எதுவும் இல்லைன்னும்மா. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, சீக்கிரம்."